அது டான்ஸ் இல்ல மச்சி

முதல்லயே ஒரு விஷயம் சொல்லிடறேன். எல்.கே.ஜி.-யில இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்சவன் நான். தமிழ்ல இவ்வளவு நீளமா எழுதறது இதுதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க, கருத்துல பிழை இருந்தா என்னைத் திட்டுங்க.

போன வருஷம் எங்க பேட்ச் பெங்களூருக்கு ஐ.வி. போனது உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும். காலையில ஒரு கம்பெனி, ரெண்டு மணி நேரம், மஞ்ச ஹெல்மெட் போட்டு ஒரு க்ரூப் போட்டோ. அதோட 'இண்டஸ்ட்ரியல்' முடிஞ்சது. மீதி எல்லாம் 'விசிட்'தான். மதியம் பன்னேர்கட்டா சஃபாரி.

கம்பி வலை போட்ட பஸ். சிங்கம் தூங்கிட்டு இருந்துச்சு, புலி முதுகைக் காட்டிட்டு இருந்துச்சு, எல்லாரும் கடுப்புல இருந்தோம். அப்பதான் கரடிப் பகுதி வந்தது. ஒரு கரடி நின்ன இடத்துல இருந்து நகராம, தலையை மட்டும் இடப்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம்னு ஆட்டிக்கிட்டே இருந்துச்சு. பின் சீட்டுல ஒருத்தன், "டேய், டான்ஸ் ஆடுது மச்சி!"ன்னு கத்தினான். பஸ்ஸே விசில் அடிச்சுச்சு. நானும் அடிச்சேன். பதினாலு செகண்ட் வீடியோ எடுத்து, ஒரு குத்துப் பாட்டைப் போட்டு ஸ்டேட்டஸ் வெச்சேன். என் வாழ்க்கையில அதிகம் பேர் பார்த்த ஸ்டேட்டஸ் அதுதான்.

இறங்கும்போது டிரைவர் அண்ணன் கன்னடம் கலந்த தமிழ்ல சொன்னார்: "அது பழைய ரோட்டுக் கரடி தம்பி. கயிறு கட்டி ஆட வெச்சது. கயிறு போயிடுச்சு, ஆட்டம் போகல."

அன்னிக்கு அது மண்டையில ஏறல. ராத்திரி ரூமுக்கு வந்து படுத்தப்புறம்தான் ஏறுச்சு. அதுக்கப்புறம் நான் படிச்சதும் யோசிச்சதும்தான் இந்தக் கட்டுரை.

கயிறுன்னா என்ன கயிறு?

நம்ம நாட்டுல வித்தைக்குப் பிடிச்ச கரடி, இங்கிலீஷ்ல ஸ்லாத் பேர்னு சொல்ற நம்ம ஊர்க் கரடிதான். கரையானும் எறும்பும் தேனும் பழமும் தின்னு வாழற பிராணி. அதுக்கு மேல்வரிசையில முன்பல் ரெண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாத்தான் கரையான் புற்றை வாக்யூம் க்ளீனர் மாதிரி உறிஞ்சும். அந்தச் சத்தம் நூறு மீட்டர் தாண்டியும் கேக்கும். தாய்க் கரடி குட்டிகளை முதுகுல சுமந்துகிட்டுத் திரியும்.

அந்தக் குட்டியைத்தான் பிடிப்பாங்க. தாய் சும்மா விடாதுங்கறதால பல நேரம் தாயைக் கொன்னுட்டுத்தான் குட்டியை எடுப்பாங்க. அப்புறம் பழுக்கக் காய்ச்சின கம்பியால குட்டியோட மூக்குத்தண்டைத் துளைப்பாங்க. மயக்க மருந்தெல்லாம் கிடையாது. அந்தப் புண்ணு வழியா ஒரு கயிறு. கோரைப் பற்களை அடிச்சு உடைச்சிடுவாங்க. கயிறை மேல இழுத்தா வலி தாங்காம கரடி ரெண்டு கால்ல நிக்கும். இப்படியும் அப்படியும் இழுத்தா இப்படியும் அப்படியும் ஆடும். அதுதான் 'டான்ஸ்'.

இதைச் செஞ்சவங்க பெரும்பாலும் கலந்தர்ங்கற நாடோடிச் சமூகத்து ஆட்கள். முகலாயர் காலத்துல அரசவையில வித்தை காட்டினவங்க, பின்னாடி தெருவுக்கு வந்தாங்க. 1990-கள்ல எடுத்த கணக்குப்படி இந்தியாவுல ஏறத்தாழ 1,200 கரடிங்க இப்படித் தெருவுல இருந்துச்சு.

சட்டம் இல்லையா?

நானும் அதைத்தான் முதல்ல கேட்டேன். இருந்துச்சு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லயே வந்தாச்சு. 1998-ல மத்திய அரசு கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இதையெல்லாம் வித்தைக்குப் பழக்கக் கூடாதுன்னு அறிவிப்பாணை போட்டுச்சு. சர்க்கஸ்காரங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 2001-ல உச்ச நீதிமன்றம் அரசாணை செல்லும்னு சொல்லிடுச்சு.

ஆனா அதுக்கப்புறமும் ஆக்ரா பக்கம் நெடுஞ்சாலையில கரடி ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. டூரிஸ்ட் பஸ் நின்னா கயிறை இழுப்பாங்க. ஏன் நிறுத்த முடியலன்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு வன அதிகாரி கரடியைப் பறிமுதல் பண்றார்னு வெச்சுக்கோங்க. அதைக் கொண்டு போய் எங்க விடுவார்? ஆபீஸ் வாசல்ல கட்டி வைக்க முடியுமா? காட்டுல விட முடியுமா? சரி, கரடி போன கலந்தர் நாளைக்கு என்ன சாப்பிடுவார்? இன்னொரு குட்டியை வாங்குவார். வேட்டைக்காரன் இன்னொரு தாயைக் கொல்லுவான். நல்லது செய்யப் போய் ஒரு கரடிக்கு ரெண்டு கரடியா கணக்கு முடியும்.

நம்ம பாஷையில சொன்னா, சட்டம்ங்கறது ஸ்பெக் மட்டும்தான். அதை இம்ப்ளிமென்ட் பண்ண மூணு விஷயம் தேவைப்பட்டுச்சு. பிடுங்கின கரடியை வைக்க ஒரு இடம். கரடியைக் கொடுத்தவருக்கு வேற பிழைப்பு. காசு போட்டுப் பார்க்கிற கூட்டத்துக்குப் புத்தி. இது முக்காலி மாதிரி. ஒரு கால் இல்லைன்னாலும் நிக்காது.

முதல் கால்: இடம்

1995-ல கார்த்திக் சத்யநாராயணனும் கீதா சேஷமணியும் 'வைல்ட்லைஃப் எஸ்.ஓ.எஸ்.' அமைப்பைத் தொடங்கினாங்க. உ.பி. வனத்துறையோட சேர்ந்து ஆக்ரா பக்கத்துல, சூர் சரோவர் பறவைகள் சரணாலயத்துக்குள்ள கரடிகளுக்குன்னு ஒரு காப்பகம் வந்தது. 2002 டிசம்பர்ல முதல் கரடிங்க அங்க வந்து சேர்ந்துச்சு. அப்புறம் பன்னேர்கட்டாவுலயும் போபால்லயும் காப்பகங்கள் வந்துச்சு. 2009 டிசம்பர்ல ராஜுங்கற கரடியோட கயிறை அவிழ்த்தாங்க. அதுதான் இந்தியத் தெருவோட கடைசி ஆட்டக் கரடின்னு சொன்னாங்க. மொத்தம் 600-க்கும் மேல.

காப்பகத்துக்கு வந்ததும் முதல் வேலை அந்தக் கயிறை வெட்டி எடுக்கறது. அப்புறம் மூக்குப் புண்ணுக்கும் உடைஞ்ச பல்லுக்கும் சிகிச்சை. பல கரடிகளுக்குக் கண்ணு தெரியாது. பல கரடிகளுக்கு மனுஷங்ககிட்ட இருந்து காசநோய் ஒட்டியிருந்துச்சு. தானியக் கஞ்சி, பழம், முட்டை, தேன்னு சாப்பாடு. மரக்கட்டைகள்ல துளை போட்டு உள்ள தேனைத் தடவி வைப்பாங்க. நக்கித் தேடிக் கண்டுபிடிக்கணும். ஏறி விளையாட மேடை, படுத்து ஆட ஊஞ்சல், குளிக்கத் தொட்டி. இதெல்லாம் ஆடம்பரம் இல்ல. வருஷக்கணக்கா ஒரே இடத்துல கட்டிக் கிடந்த மிருகத்தோட மூளைக்கு வேலை கொடுக்கிற வைத்தியம்.

என் க்ளாஸ்மேட் ஒருத்தன்கிட்ட இதைச் சொன்னப்போ அவன் ரெண்டு கேள்வி கேட்டான். ரெண்டுமே நியாயமான கேள்வி.

முதல் கேள்வி: "காட்டுல விட்டா செலவு மிச்சம்தானே?" முடியாது. குட்டி ரெண்டு வருஷம் போல தாய் கூடவே சுத்தித்தான் எது தின்னணும், எங்க ஒளியணும், எதுகிட்ட இருந்து ஓடணும்னு கத்துக்கும். இதுங்களுக்கு அந்தப் பாடத்தைச் சொல்லித் தர தாயே இல்லாம பண்ணியாச்சு. கோரைப் பல்லும் இல்ல. மனுஷனைப் பார்த்தா ஒதுங்கற பழக்கமும் போயிடுச்சு. பசிச்சா நேரா ஊருக்குள்ள வரும். அதனால காப்பகம்ங்கறது இதுங்களுக்குச் சாகற வரைக்கும் வீடு.

இடம் இல்லாம மீட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு நேபாளத்துல ஒரு உதாரணம் இருக்கு. 2017 டிசம்பர்ல ரங்கீலா, ஸ்ரீதேவின்னு ரெண்டு ஆட்டக் கரடிகளை அங்க மீட்டாங்க. உலகம் முழுக்க நியூஸ். ஆனா அந்த நாட்டுல கரடிக் காப்பகம் இல்லாததால கடைசியில காத்மாண்டு மிருகக்காட்சிசாலையில கொண்டு போய் வெச்சாங்க. ஸ்ரீதேவி அங்கயே செத்துப் போச்சு. 2018 ஜூலையில ரங்கீலா மட்டும் ஆக்ரா காப்பகத்துக்கு வந்து சேர்ந்துச்சு. கயிறை அவிழ்க்கற போட்டோ ஒரு நிமிஷத்துல எடுத்துடலாம். அதுக்கப்புறம் இருபது வருஷம் கஞ்சி காய்ச்சி ஊத்தறதுதான் மீட்பு.

ரெண்டாவது கால்: பிழைப்பு

அவன் கேட்ட ரெண்டாவது கேள்வி: "மனுஷனே சோத்துக்கு வழியில்லாம இருக்கான். கரடிக்குத் தேன் ஊத்தணுமா?"

இதுக்குப் பதில் அந்தத் திட்டத்துக்குள்ளயே இருக்கு. கரடியை ஒப்படைச்ச ஒவ்வொரு கலந்தருக்கும் புதுசா தொழில் தொடங்கப் பணம் கொடுத்தாங்க. திரும்ப இந்தத் தொழிலுக்கு வர மாட்டேன்னு எழுதி வாங்கிக்கிட்டாங்க. சிலர் கடை வெச்சாங்க, சிலர் வண்டி ஓட்டினாங்க. பெண்களுக்குத் தையல், கைத்தொழில். பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம்.

யோசிச்சுப் பாருங்க, அந்தக் கயிறோட ஒரு முனையில கரடி கட்டியிருந்துச்சு, இன்னொரு முனையில ஒரு குடும்பம் கட்டியிருந்துச்சு. அப்பன் தொழிலே மகன் தொழில். பள்ளிக்கூடம் இல்ல, நிலையான ஊர் இல்ல, போலீஸ் வந்தா ஓடணும். கரடியா மனுஷனாங்கற கேள்வியே அங்க எழல. ரெண்டு பேரையும் சேர்த்து அவிழ்த்தாத்தான் கயிறு அவிழும்னு அவங்க புரிஞ்சு வெச்சிருந்தாங்க. வன உயிர்ப் பாதுகாப்புன்னு சொல்லிக்கிட்டு ஏழையை மட்டும் ஜெயில்ல போடற எந்தத் திட்டத்தையும் நான் இப்ப சந்தேகமாத்தான் பார்க்கறேன்.

மூணாவது கால்: நாம

இங்கதான் எனக்குக் குத்துது.

எங்க ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். போன லீவுல இந்தக் கதையெல்லாம் வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தேன். கலந்தர் எவ்வளவு கொடூரம், வடநாட்டுல இப்படியெல்லாம் பண்ணியிருக்காங்கன்னு ஒரே லெக்சர். அப்பா சிரிச்சுக்கிட்டே, "வடநாடா? எங்க ஸ்கூல் வாசலுக்கே கரடிக்காரன் வருவான்டா. பயம் தெளியும்னு என்னை அது முதுகுல உக்கார வெச்சிருக்காங்க"ன்னார். ஆச்சி உள்ள போய் ஆல்பத்தை எடுத்துட்டு வந்தாங்க. எனக்கு ஒரு வயசு போட்டோ. இடுப்புல வெள்ளி அரைஞாண், கழுத்துல கறுப்புக் கயிறு, அதுல ஒரு தாயத்து.

"அது கரடி முடில்லா. நீ ராத்திரி திடுக்கு திடுக்குனு முழிச்சு அழுவ. அதுக்குக் கட்டுனது."

அது நிஜமாவே கரடி முடியா, ஆட்டு முடியான்னு யாருக்கும் தெரியாது. ஆனா எங்க ஆச்சி கொடுத்த காசு நிஜம். ஒரு குட்டி அழாம தூங்கறதுக்காக இன்னொரு குட்டியோட கழுத்துல கயிறு. இதைச் சொல்லி ஆச்சி மேல கோவப்பட எனக்கு உரிமை இல்ல. அவங்களுக்கு அந்தக் கம்பியைப் பத்தி யாரும் சொல்லலை. எனக்கு டிரைவர் அண்ணன் சொன்னார், அப்புறமும் நான் ஸ்டேட்டஸை எடுக்கல. இருபத்தி நாலு மணி நேரம் ஓடி முடியற வரைக்கும் வ்யூஸ் எண்ணிக்கிட்டு இருந்தேன்.

அந்தக் கரடி தலையை ஆட்டினதுக்கு என்ன காரணம்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. சாப்பாட்டு நேரமா இருந்திருக்கலாம். அடைபட்டு வாழ்ந்த மிருகங்கள் இப்படி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யறது மனசுக்குப் பட்ட அடியோட அடையாளம்னு மருத்துவர்கள் சொல்றாங்க, கயிறு போய் வருஷக்கணக்கு ஆனாலும் அது நிக்காதாம். ஆனா நான் விசில் அடிச்சதுக்கு ஒரே காரணம்தான். தெருவுல காசு போட்டவங்களுக்கும் அதே காரணம்தான்.

இப்ப என்ன, தெருவுலதான் கரடியே இல்லையே?

தெருவுல இல்ல. எங்க ஊர் வாட்ஸ்அப் க்ரூப்புல இருக்கு. மலையடிவாரத்து ஊர்கள்ல ராத்திரி கரடி இறங்கி வர்றது இப்ப சாதாரணமாயிடுச்சு. நீலகிரியில கோயிலுக்குள்ள புகுந்து விளக்கெண்ணெய் குடிக்கிற வீடியோ எல்லாம் நீங்களும் பார்த்திருப்பீங்க. வீடியோ எடுக்கறவங்க என்ன பண்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? பைக்ல பின்னாடியே போவாங்க. ஹை பீம் அடிப்பாங்க. ஹார்ன் அடிப்பாங்க. அது ஓடும், அதுக்கு ஒரு பாட்டு.

கரடிக்குப் பார்வை மட்டம். புற்றுக்குள்ள மூக்கை விட்டு உறிஞ்சும்போது அந்தச் சத்தத்துல வேற எதுவும் கேக்காது. நாம கிட்ட போற வரைக்கும் அதுக்குத் தெரியாது. தெரிஞ்ச நொடியில திடுக்கிடும். புலி இருக்கிற காட்டுலயே வாழ்ந்து வந்த இனம் அது. ஆபத்துன்னா திரும்பி நின்னு மோதறதுதான் அதோட பழக்கம். முதுகுல குட்டி இருந்தா சொல்லவே வேண்டாம். கரடி அடிச்சா பெரும்பாலும் முகத்துலயும் தலையிலயும்தான் அடி விழும். பிழைச்சாலும் கண்ணு போன ஆட்கள் உண்டு.

அதுக்கப்புறம் என்ன நடக்கும்? ஊரே ரோட்டுல உக்காரும். அவங்க கோவத்துல தப்பே இல்ல, விடியற்காலையில தோட்டத்துக்குப் போறவர் அடிபட்டுக் கிடக்கார். "கரடியைப் பிடி"ம்பாங்க. கூண்டு வைப்பாங்க. பிடிச்ச கரடி காயப்பட்டிருந்தாலோ, ஊர்ச் சாப்பாட்டுக்குப் பழகிட்டாலோ திரும்பக் காட்டுல விடறது கஷ்டம். இன்னொரு அடைபட்ட கரடி. கயிறு இல்லாம, கலந்தர் இல்லாம, நம்ம போன் வெளிச்சத்துலயும் நம்ம குப்பைத்தொட்டியிலயும் உருவான கரடி.

அதனாலதான் சொல்றேன், முதல் ரெண்டு காலையும் யாரோ கஷ்டப்பட்டுச் செஞ்சு வெச்சாங்க. மூணாவது கால் இன்னும் ஆடுது. காப்பகம்ங்கறது பெருமைப்பட வேண்டிய இடம் மட்டும் இல்ல. நாம கட்டாம விட்ட கடனோட வட்டியை யாரோ கட்டிக்கிட்டு இருக்கற இடம். 2009-க்கு முன்னாடி வந்த கரடிகள் இப்ப கிழடாயிடுச்சு, ஒண்ணொண்ணா இறந்துட்டு வருது. அந்தக் கூண்டுகள் காலியாகணும். புதுக் கரடி வந்து நிரப்பக் கூடாது. ஒரு காப்பகம் ஜெயிச்சதுன்னு அப்பதான் சொல்ல முடியும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

பெரிய புரட்சியெல்லாம் கேக்கல. ப்ளேஸ்மென்ட் டென்ஷன்ல இருக்கற எனக்கே முடிஞ்ச விஷயங்கள்தான்.

ஒண்ணு, காப்பகம்னு போர்டு மாட்டின எல்லாமே காப்பகம் இல்ல. மிருகத்தைத் தொட விட்டா, குட்டியை மடியில வெச்சு செல்ஃபி எடுக்க விட்டா, வித்தை காட்ட வெச்சா, குட்டி போட வெச்சு வித்தா, அது கடைதான். நிஜக் காப்பகம் உங்களைத் தள்ளி நிக்க வைக்கும். கரடி வெளிய வரலைன்னா, "இன்னிக்கு வரல, போயிட்டு வாங்க"ன்னு சொல்லும். அந்த ஏமாற்றத்துக்குத்தான் டிக்கெட் காசுன்னு வெச்சுக்கோங்க.

ரெண்டு, கரடி முடி, பல், நகம் எதுவும் வாங்காதீங்க, வீட்டுல வாங்க விடாதீங்க. கரடி சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கிற பிராணி. அறிவுரையா சொன்னா ஆச்சிகள் கேக்க மாட்டாங்க. அந்தக் கம்பியைப் பத்திச் சொல்லுங்க, கேப்பாங்க. எங்க ஆச்சி ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம், "அது தாய் தேடியிருக்கும்லா"ன்னு மட்டும் சொன்னாங்க.

மூணு, மலையடிவார ஊர்க்காரங்க கரடியைப் பார்த்தா வண்டியை நிறுத்துங்க, லைட்டைத் தாழ்த்துங்க, போக வழி விடுங்க, வனத்துறைக்குச் சொல்லுங்க. வீடியோ வந்தா ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

நாலு, அக்டோபர் 12 உலகக் கரடி தினம், குறிப்பா நம்ம ஊர்க் கரடிக்கான தினம். 2022-ல இருந்து கொண்டாடறாங்க. அன்னிக்கு உங்க பழைய ஸ்கூலுக்குப் போய் ஒரு பீரியட் கேளுங்க. நான் இந்தத் தடவை போனேன். ஏழாம் வகுப்பு. பாட்டை எடுத்துட்டு, சத்தம் இல்லாம அந்தப் பதினாலு செகண்ட் வீடியோவை ஓட்டினேன். "என்ன பண்ணுது?"ன்னு கேட்டேன். "டான்ஸ்!"னு க்ளாஸே கத்துச்சு. கதையைச் சொல்லிட்டு மறுபடி ஓட்டினேன். யாரும் கத்தல. ஒரு பொண்ணு, "அண்ணா, அதுக்கு இப்பவும் மூக்கு வலிக்குமா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல.

தேர்ட் இயர் பசங்களா, அடுத்த மாசம் உங்க ஐ.வி.-யும் பெங்களூருதான்னு கேள்விப்பட்டேன். சஃபாரி கண்டிப்பா போங்க. கரடிப் பகுதி வந்தா ரெண்டு நிமிஷம் விசில் அடிக்காம இருங்க. பின் சீட்டுல எவனாவது "டான்ஸ் ஆடுது மச்சி"ன்னு கத்தினா, நான் அன்னிக்குச் சொல்லாததை நீங்க சொல்லிடுங்க.